மூடி விளிம்பில் ஒரு ஜன்னல்

கிளியனூர் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு இடது கைப்பக்கச் சுவரில், முழங்கை உயரத்துக்கு ஒரு மஞ்சள் கறை. இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று. வெயில் காலத்தில் சுண்ணாம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. நான் ஒன்பதாவது படித்தபோது பட்ட கறை அது. அம்மா பருப்பையும் தக்காளியையும் ஒன்றாகப் போட்டுக் குக்கரை ஏற்றிவிட்டுத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். தக்காளித் தோல் ஒன்று விசில் குழாயில் போய் உட்கார்ந்துகொண்டது. விசில் வரவில்லை. எண்ணிக்கொண்டிருந்த நானும் கவனிக்கவில்லை. திடீரென்று ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்னாலேயே நீளமாக ஒரு சீறல். ஓடிப்போய்ப் பார்த்தால், குக்கர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மூடியின் விளிம்பிலிருந்து கேஸ்கட் மட்டும் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கியது. சுவரெல்லாம் பருப்பு.

“குக்கர் வெடிச்சிருச்சும்மா” என்றேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, “வெடிக்கலடி, வெளிய விட்டுருச்சு” என்றாள். அந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அந்தக் குக்கர் இன்னும் ஓடுகிறது. ஐந்து லிட்டர். 1984இல் அம்மா கல்யாணத்துக்குத் தாய்மாமன் வைத்த சீர். திண்டிவனத்துப் பாத்திரக்கடையில் உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இனிஷியல் தேய்ந்து, பேரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் விரலுக்குத் தட்டுப்படும். கம்பெனி முத்திரை எப்போதோ போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அதில் பழசு என்று மிச்சமிருப்பது பாத்திரம் ஒன்றுதான். மூடி தொண்ணூறுகளில் மாற்றியது. கைப்பிடி மூன்றாவது. விசில் எத்தனையாவது என்று அம்மாவுக்கே தெரியாது. கேஸ்கட்டை எண்ணவே வேண்டாம்.

ஆனி, ஆடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயத்தில் அதற்கு ஓய்வு கிடையாது. மண் போகக் கழுவி, கல்லுப்பு போட்டு, பச்சை மல்லாட்டையை நான்கு விசில் விட்டால் வீடெல்லாம் மணக்கும். இந்தச் சாதுவான பாத்திரத்துக்குள் அந்த நேரம் என்ன நடக்கிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விசில் கிளம்பும்போது உள்ளே, வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடுதல். அதனால்தான் நூறு டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் நூற்றிருபது வரை கொதிக்காமல் சூடேறுகிறது, பருப்பு சீக்கிரம் குழைகிறது. மூடியின் குறுக்களவு இருபது சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அதாவது முந்நூறு கிலோவுக்கு மேல் மூடியை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. மூன்று நெல் மூட்டைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டிக் காப்பது உள்ளங்கையில் அடங்கும் விசில். மூன்று மில்லிமீட்டர் துளை என்றால் எழுபது கிராம் எடையே போதும். அழுத்தம் மீறினால் அது தானே தூக்கிக்கொடுக்கும்.

இந்த யோசனைக்கு வயது முந்நூற்று நாற்பதுக்கு மேல். பிரான்சில் பிறந்து லண்டனுக்குப் போன டெனிஸ் பாப்பின், விஞ்ஞானி ராபர்ட் பாயிலிடம் உதவியாளராக இருந்தவர். 1679இல் இறுக்கி மூடிய ஒரு இரும்புப் பாத்திரத்தை ராயல் சொசைட்டியில் காட்டினார். எலும்பை வேகவைத்துச் சத்தை எடுப்பதற்கான பாத்திரம்; ‘செரிப்பான்’ என்ற பொருளில் அதற்குப் பேர் வைத்தார். 1682 ஏப்ரலில் அதில் சமைத்த விருந்தை உறுப்பினர்கள் சாப்பிட்டார்கள். எலும்பெல்லாம் மெத்தென்று ஆகியிருந்ததை ஜான் ஈவ்லின் என்பவர் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதிவைத்தார். என் கண்ணுக்குப் பெரிசாகத் தெரிவது அந்த விருந்து அல்ல. மூடியில் ஒரு துளை போட்டு, அதன்மேல் எடை கட்டிய நெம்புகோல் ஒன்றை வைத்தாரே, அதுதான். பூட்டி வைக்கிற பாத்திரத்துக்குள் தெரிந்தே ஒரு பலவீனத்தை வைத்த முதல் ஆள் அவர். பிற்பாடு நீராவியால் பிஸ்டனைத் தள்ளும் யோசனைக்கும் அவர்தான் வழி போட்டார். கடைசிக் காலத்தில் கையில் காசில்லாமல், கவனிப்பாரின்றிப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டரை நூற்றாண்டு வீட்டு அடுப்புக்கு அது பரவலாக வந்து சேரவில்லை. 1938இல் நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் விஷரின் குக்கர், மறு வருஷம் அதே ஊர் உலகக் கண்காட்சியில் பிரெஸ்டோ கம்பெனியின் குக்கர் என்று அமெரிக்காவில் அது சமையலறைக்குள் நுழைந்தது. நம் பக்கம் அப்போது ருக்மணி குக்கர் காலம்: உயரமான பித்தளைக் கூடு, அடியில் கரித்தணல், உள்ளே அடுக்கடுக்காகக் கிண்ணம். வெறும் ஆவிதான், அழுத்தம் கிடையாது. காலையில் ஏற்றிவிட்டுக் கோயிலுக்குப் போய் வரலாம்.

விசில் வந்தது 1959இல். டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928இல் சென்னையில் தொடங்கிய குழுமம், இங்கிலாந்தின் பிரெஸ்டீஜ் கம்பெனியோடு சேர்ந்து இந்தியாவில் குக்கர் செய்ய ஆரம்பித்தது. அதே வருஷம் மும்பையில் எச்.டி. வாசுதேவா ஹாக்கின்ஸைத் தொடங்கினார். ஹாக்கின்ஸ் மூடி உள்ளுக்குள் நுழைந்து பொருந்தும். அழுத்தம் இறங்காமல் திறக்க முடியாது. பிரெஸ்டீஜ் மூடி வெளியே கவிந்து திருகிக்கொள்ளும். எந்த மூடி உசத்தி என்று சம்பந்தி வீடுகளில் சண்டையே நடக்கும்.

இனிமேல்தான் எங்கள் வீட்டுச் சுவருக்கு வருகிறேன். கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ஜெகந்நாதன், சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவில் கார்னெலுக்குப் போன பொறியாளர். குழுமம் கடனில் தத்தளித்த எழுபதுகளில் பொறுப்புக்கு வந்தவர். வட இந்தியாவில் குக்கர் வெடிக்கிறது, விற்பனை விழுகிறது என்று புகார். அவரே கிளம்பிப் போய்ப் பார்த்தார். குக்கரில் கோளாறில்லை, கடைகளில் கிடைத்த போலி உதிரிப் பாகங்களில் இருந்தது. மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு சூடு மீறினால் உருகி வழிவிட வேண்டும். போலி உருகாது, குழாயும் அடைத்துக்கொண்டால் போக வழியில்லை.

போலியை ஊர் ஊராகத் துரத்த முடியாது. போலி வைத்தாலும் வெடிக்காத குக்கர் வேண்டும். அவர் கண்டுபிடித்தது, அந்தப் பிரச்சினைக்கு முன்னால் சிரிப்பு வரும்படி எளிமையானது: மூடியின் விளிம்பில் நீளவாக்கில் ஒரு சின்ன வெட்டு. ஜன்னல் மாதிரி. எல்லா வழியும் அடைபட்டால், ரப்பர் கேஸ்கட் அந்த ஜன்னல் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். ஆவி பக்கவாட்டில் சீறிப் போய்விடும். ரப்பரில் எவ்வளவு போலி செய்தாலும் அது பிதுங்கத்தான் செய்யும். இதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார், மற்ற கம்பெனிகளும் செய்துகொள்ளட்டும் என்று. வியாபாரத்தில் இருப்பவர் ஒருவர் இப்படிச் செய்ததைப் படித்தபோது, நான் முதலில் நம்பவில்லை. பிறகு எழுந்துபோய் எங்கள் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பாத்திரத்தில் முத்திரை தேய்ந்த, மூடி மாறிய, யார் செய்தது என்றே சொல்ல முடியாத எங்கள் குக்கரில், அந்த ஜன்னல் இருந்தது.

போன மாதம் கேஸ்கட் மாற்ற அம்மாவோடு திண்டிவனம் போனேன். ரிப்பேர்க் கடைக்காரர் மூடியை வாங்கி, பெருவிரலால் ஒரு சுற்றுத் தடவி, “எத்தினி லிட்டரும்மா?” என்று பேருக்குக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆணியில் வளையல் மாதிரி தொங்கியதிலிருந்து ஒன்றை உருவினார். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று நான் பார்த்தேன். அம்மா அதைப் பார்க்கவில்லை. இழுத்து, விட்டு, அது திரும்பிச் சுருங்கும் வேகத்தைப் பார்த்தாள்.

“புதுசா ஒண்ணு எடுத்துக்கலாமே யக்கா, பழசுக்குத் தள்ளுபடி தரேன்” என்றார் அவர்.

“இதுக்கு இன்னா கேடு?” என்றாள் அம்மா.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் காய்ந்து விறைத்த பழைய கேஸ்கட்டை அரிவாள்மனையில் வைத்து அறுத்தாள். ஆட்டுக்கொட்டகைப் படலைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிற கறுப்பு வார்களில் இப்போது இதுவும் ஒன்று.