கண்ணுக்குப் புலப்படாத தீ
(அணுப்பேரிடரில் எளியோர் வாழ்வு: திரைப்படங்கள் தரும் சாட்சியம்)

கன்னிவாடிப் பாளையத்தின் வரலாற்றைப் படிப்போர் பாளையக்காரர்களைப் பற்றியும், அவர்கள் செலுத்திய கப்பத்தைப் பற்றியும், கும்பினியாரின் வருவாய்க் கணக்கைப் பற்றியும் அறிந்துகொள்வர். அதே காலத்தில் இம்மலையடிவாரத்தில் கிணறு வெட்டியவர் யார், கமலை இறைத்தவர் யார், மழை பொய்த்த ஆண்டில் அவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதை அக்கணக்குகள் சொல்வதில்லை. எளியோரின் வாழ்வு ஏட்டில் ஏறாமற் போவது எல்லா வரலாற்றுக்கும் பொதுவான குறை.

அணுப்பேரிடரின் வரலாற்றில் இக்குறை இருமடங்காகிறது. அங்கே தீங்கு செய்யும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் நாவுக்கும் எட்டாது. அதை அளக்கும் கருவியும், அளவைக் குறித்த கோப்பும் அரசின் கையில் இருக்கும். குடிமக்களிடம் இருப்பவை அவர்தம் உடலும் நினைவும் மட்டுமே. அவ்வுடலையும் நினைவையும் சான்றாக்கிய கலை திரைப்படம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், கவிஞர்கள் நடுவே, இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

பூட்டப்பட்ட படச்சுருள்

1945 ஆகஸ்டு 6 அன்று இரோசிமாவிலும், 9 அன்று நாகசாகியிலும் அணுகுண்டு வீழ்ந்தது. சில வாரங்களில் சப்பானியப் படப்பிடிப்புக் குழுவினர் அவ்விரு நகரங்களின் இடிபாடுகளையும், மருத்துவமனைப் பாயிற் கிடந்தோரையும் படமெடுத்தனர். அச்சுருள்களை அமெரிக்க ஆக்கிரமிப்பு அரசு கைப்பற்றியது. அவற்றின் படி சப்பானுக்குத் திரும்பியது 1967இல்தான். அமெரிக்க ஊடக வரலாற்றாசிரியர் எரிக் பார்னோ அக்காட்சிகளைத் தொகுத்து 1970இல் ஒரு குறும்படமாக வெளியிட்டார். குண்டு வீழ்ந்த ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து திருமண வயதை அடையும் வரை அம்மக்களின் முகங்கள் பெட்டியிற் பூட்டப்பட்டிருந்தன. அணுப்பேரிடர்த் திரைப்படத்தின் வரலாறு இவ்வாறு மறைப்பில் தொடங்குவது கருதத்தக்கது.

திருமணப் பேச்சில் நுழைந்த குண்டு

சப்பானிய இயக்குநர் சோகே இமாமுரா 1989இல் எடுத்த ‘கருமழை’ என்ற படம் மசூசி இபுசேயின் நாவலைத் தழுவியது. குண்டு வீழ்ந்து ஐந்தாண்டு கழிந்தபின் ஒரு சிற்றூரில் நடக்கும் கதை. யசுகோ என்ற இளம்பெண்ணுக்கு மாமாவும் அத்தையும் வரன் தேடுகின்றனர். பேச்சு கூடிவரும் வேளையிலெல்லாம், ‘அவள் குண்டுவீச்சின்போது இரோசிமாவில் இருந்தவளாமே’ என்ற சொல் எங்கிருந்தோ வந்து அதை முறித்துவிடுகிறது. அவள் குண்டின் ஒளிக்கு ஆளாகவில்லை என்று மெய்ப்பிக்க, மாமா பழைய நாட்குறிப்பைப் படியெடுக்கிறார். ஆனால் அன்று பெய்த கரிய மழை அவள் மீது விழுந்திருந்தது. மெய்ப்பிக்கப் போன ஏடே ஐயத்துக்கும் இடமளிக்கிறது.

பெண் பார்க்க வந்தவர்கள் ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்று சொல்லிப் போவதும், பின் கடிதம் வராமற் போவதும் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. அணுகுண்டின் கொடுமையை அந்தக் காத்திருப்பின் வழியே இமாமுரா காட்டினார். மாமா படியெடுக்கும் அந்த நாட்குறிப்பு, எளியவர் ஒருவர் தம் குடும்பத்துக்காக எழுதிய வரலாறு. போர்முனை வரலாற்றில் அதற்கு இடமில்லை.

திரிந்த திணை

1986 ஏப்ரல் 26 அன்று உக்ரைனின் செர்னோபில் அணுஉலை வெடித்தது. அருகிருந்த பிரிப்பியாட் நகரின் மக்கள் சற்றேறக்குறைய 49,000 பேர் மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றப்பட்டனர். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு சென்றவர்கள் திரும்பவேயில்லை. அங்கே சென்று படமெடுத்த உக்ரைனிய இயக்குநர் விளாதிமிர் செவ்சென்கோ, தம் படச்சுருளில் புள்ளிகள் தெறித்திருப்பதைக் கண்டு முதலில் சுருளிலேயே பழுது என்று எண்ணினார். அப்புள்ளிகள் கதிரியக்கம் இட்ட தடங்கள் என்பது பின்னரே புலப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத தீ படத்தில் தானே கையொப்பமிட்டிருந்தது. செவ்சென்கோ 1987இல் இறந்தார்.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இங்கே ஒரு செய்தி உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். நீரும் மரமும் புள்ளும் உணவும் கருப்பொருள். அவற்றின் நடுவே மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். வறட்சி வந்தால் முல்லையும் குறிஞ்சியும் பாலையாகத் திரிவது கண்ணுக்குத் தெரியும். அணுப்பேரிடரில் நிலம் தன் வடிவை மாற்றிக்கொள்வதில்லை. மரம் தளிர்க்கும், ஆறு ஓடும், பசு பால் கறக்கும். ஆனால் அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. முதற்பொருள் அப்படியே இருக்கக் கருப்பொருள் நஞ்சாகும் நிலை நம் இலக்கணத்தில் இல்லாத திரிபு. பொழுதும் திரிந்துவிடுகிறது. சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் வேண்டும். புளூட்டோனியம்-239க்கு ஏறத்தாழ 24,000 ஆண்டுகள். நம் மொழியின் மிகப் பழைய பாட்டும் அக்கால அளவின் முன் நேற்றுப் பிறந்ததே.

புத்தர் சிரித்ததும் அழுததும்

1974 மே 18 அன்று இராசத்தானத்துப் பொக்ரானில் இந்தியா நடத்திய முதல் அணுவெடிப்புக்குச் ‘சிரிக்கும் புத்தர்’ என்று குறியீட்டுப் பெயர். கால் நூற்றாண்டுக்குப்பின், 1999இல், ஸ்ரீபிரகாசு என்ற இயக்குநர் எடுத்த ஆவணப்படத்தின் தலைப்பு ‘சாதுகோடாவில் புத்தர் அழுகிறார்’ என்பது. இன்று சார்க்கண்டு மாநிலத்திலுள்ள சாதுகோடாவில் 1967 முதல் யுரேனியக் கனிமம் வெட்டப்பட்டு வந்தது. தாதுவைப் பிரித்தபின் எஞ்சும் சேற்றைத் தேக்கிய குட்டைகளின் அருகே பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் உடற்குறைகளையும், கருச்சிதைவுற்ற பெண்களின் துயரத்தையும், சுரங்கத் தொழிலாளரின் நோயையும் அப்படம் பேசிற்று. நோய்களுக்குக் காரணம் கதிரியக்கம் அன்று என்பது சுரங்க நிறுவனத்தின் நிலைப்பாடு. வழக்கின் இரு பக்கமும் அறியப்பட வேண்டியவையே. எனினும் நிறுவனத்தின் பக்கம் அறிக்கைகளாக முன்பே அச்சாகியிருந்தது. பழங்குடித் தாயின் பக்கம் ஒரு படச்சுருள் வந்த பிறகே வெளியுலகின் செவிக்கு எட்டியது. அங்கே வெடிப்பு ஒன்றும் நிகழவில்லை. நாள்தோறும் சிறுகச் சிறுக நிகழும் பேரிடர்க்கு நாளிதழில் தலைப்புக் கிடைப்பதில்லை.

1998 மே மாதப் பொக்ரான் வெடிப்புகளுக்குப்பின் ஆனந்து பட்டுவர்தன் எடுத்த ‘போரும் அமைதியும்’ என்ற ஆவணப்படம் 2002இல் முடிந்தது. வெடிப்புக்களத்துக்கு அண்மையிலுள்ள கேதோலாய் ஊர் மக்களையும், குண்டு வீச்சில் உயிர்தப்பிய சப்பானிய முதியோரையும் அது ஒரே படத்திற் சேர்த்தது. தணிக்கை வாரியம் பல வெட்டுகளைக் கோரியது. பம்பாய் உயர்நீதிமன்றம் 2003இல் வெட்டின்றி வெளியிட வழி செய்தது. பெட்டியிற் பூட்டும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நம் நெய்தல் நிலம்

தமிழகத்துக்கு வருவோம். மதுரையைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதன் 2010ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிக் கதிர்வீச்சுக் கதைகள் என்று பொருள்படும் தலைப்பில் மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய மூன்று ஊர்களைப் பற்றித் தொடர் படங்கள் எடுத்தார். மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் தோரியம் கலந்த மோனசைட்டு உண்டு. அதைப் பிரிக்கும் அருமணல் ஆலையும் அங்கே உண்டு. கல்பாக்கத்தில் 1980களிலிருந்து அணுஉலைகள் இயங்கி வருகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அவ்வூர்க் குடியிருப்பில் உயிர்களைக் கொண்டுசென்றது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. மூன்றும் நெய்தல் நிலங்கள் என்பதை வாசகர் உணர்வர்.

2011 மார்ச்சு 11 அன்று சப்பானில் ஆழிப்பேரலை எழுந்து, புகுசிமா அணுஉலைகள் உருகின. வீடுகளை விட்டு மூட்டையோடு வெளியேறிய எளிய மக்களின் காட்சிகளை இடிந்தகரை மீனவப் பெண்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். ஆழிப்பேரலையை ஆறாண்டுக்கு முன் நேரிற் கண்ட கரை அது. அக்காட்சிகள் அவர்களுக்கு அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. அவ்வாண்டிலேயே லூர்து அன்னை ஆலயத்தின் முன் பந்தலிட்டு உண்ணாநோன்பு தொடங்கினர். பந்தலின் கீழ் பீடி சுற்றியபடியே போராட்டத்தை நடத்தினர். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கூடிய மக்கள் மீது காவல்துறை தடியடியும் கண்ணீர்ப்புகையும் பயன்படுத்தியது. அன்றே மணப்பாட்டில் மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 2013 மே 6 அன்று உச்சநீதிமன்றம், பாதுகாப்புக்கான நெறிமுறைகளை விதித்து, உலையை இயக்க இசைவளித்தது. சூலை மாதம் முதல் உலை இயங்கத் தொடங்கியது. அங்கே பேரிடர் நிகழவில்லை. நிகழாதிருக்க வேண்டும் என்பதே அனைவரின் விழைவு. ஆனால் எங்கோ ஒருவர் படம்பிடித்த எளியோர் வாழ்வு, இங்கே எளியோரைத் தம் நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்கச் செய்தது என்பது வரலாறு.

நாம் எழுதாதது

முதலிற் குறித்த காரணத்தை இங்கே கூறுகிறேன். அந்தச் செப்டம்பர் மாதம் முதலாண்டு மாணவர்க்கு நான் நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்தேன். இரங்கலும் இரங்கல் நிமித்தமும் உரிப்பொருள் என்று கரும்பலகையில் எழுதினேன். மறுநாள் நாளிதழில் இடிந்தகரைப் பெண்கள் அலைக்குள் நிற்கும் படம் வந்தது. வகுப்பில் ஒரு மாணவி, ‘அம்மா, இதுவும் நெய்தல்தானே?’ என்று கேட்டாள். ‘அது பாடத்தில் இல்லை’ என்றேன். அந்த விடையை நினைத்து இன்றும் நாணுகிறேன்.

கன்னிவாடி கடலுக்குத் தொலைவு. அதனால் அது நம் செய்தி அன்று என்று நாம் எண்ணியிருக்கலாம். ஆயினும் நம் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை ஓட்டும் மின்சாரத்தில் கல்பாக்கத்தின் பங்கும் கூடங்குளத்தின் பங்கும் கலந்தே வருகின்றன. அதன் நன்மையில் நமக்குப் பங்கு உண்டெனில், அதை ஈனும் கரையில் வாழ்வோரின் அச்சத்திலும் நமக்குப் பங்கு உண்டு. மின்சாரம் வேண்டும், வேண்டா என்ற வழக்கை இக்கட்டுரை தீர்க்க முற்படவில்லை. அவ்வழக்கில் பானையும் கிணறும் திருமணப் பேச்சும் சாட்சியாக ஏற்கப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நம் வட்டம் பத்தாண்டுகளில் மலையைப் பாடியிருக்கிறது. மழையையும் மானாவாரி நிலத்தையும் பாடியிருக்கிறது. மேற்கூறிய படங்களுள் ஒன்றையேனும் வரும் ஆண்டில் நம் அவையில் திரையிட்டு, அதன்பின் கவியரங்கு நடத்தலாம். தலைப்பை என் அன்றைய மாணவியே கொடுத்துவிட்டாள்.