புல் தின்ற நந்தி

சென்ற வாரம் மண்முனைத் துறையில் நின்றோம். பாதைப் படகு ஓடிய இடத்தில் இப்போது பாலம். வாவியைக் கடந்தால் படுவான்கரை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. மட்டக்களப்பார் பெயர் வைக்கத் தெரிந்தவர்கள்.

அங்கே கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலில் ஒரு கல் நந்தி உண்டு. கோயிலை இடிக்க வந்த பறங்கித் (போர்த்துக்கேய) தளபதி, "இந்த மாடு புல் தின்னுமோ?" என்று எகத்தாளமாகக் கேட்டானாம். புல்லை நீட்டினார்கள். நந்தி எழுந்து தின்றதோடு சாணமும் போட்டதாம். பறங்கிகள் ஓட்டம் பிடித்தார்களாம். அந்தச் சாணத்தைக் கதைக்குள் வைத்தவர் பட்டி மாடு வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும். போர்த்துக்கேயரின் ஏடுகளில் இதைத் தேடிப் பயனில்லை. 1628இல் மட்டக்களப்பில் கோட்டை எழுப்பியவர்களை ஊரார் கதையிலாவது துரத்தியிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் வந்தவர்களைத் துரத்தக் கதை உதவவில்லை. 1987 ஜனவரி 28 அன்று கொக்கட்டிச்சோலையில் இறால் பண்ணையில் வேலை செய்தவர்களையும் அயல் கிராமத்தாரையும் விசேட அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. நாலரை ஆண்டுகூட ஆகவில்லை, அடுத்த படுகொலை வந்தது.

1991 ஜூன் 12. அயலிலுள்ள மகிழடித்தீவில் கண்ணிவெடி வெடித்து இரண்டு படையினர் இறந்தார்கள். அதன் பிறகு இராணுவ முகாமிலிருந்து வந்தவர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். நெல் ஆலைக்குள் ஓடி ஒளிந்தவர்களும் தப்பவில்லை. உடல்கள் எரிக்கப்பட்டன. இரு தரப்பு மோதலில் அகப்பட்டு மக்கள் இறந்தார்கள் என்றது இராணுவம்.

அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. மோதல் கதையை அது ஏற்கவில்லை. பழிவாங்கக் கொன்றார்கள் என்றே முடிவு செய்தது. இறந்தோர் 67 பேர் என்றது. ஊரார் சொல்லும் எண் 152. ஆணைக்குழு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. படையினர் 20 பேர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள்.

1992இல் தீர்ப்பு வந்தது. 19 பேர் விடுதலை. பொறுப்பிலிருந்த லெப்டினன்ட் மட்டும் குற்றவாளி. அவருக்கு வேலை போயிற்று. எந்தக் குற்றத்துக்கு என்று பார்த்தால், கொலைக்கு அல்ல. தன் ஆட்களைக் கட்டுப்படுத்தத் தவறினார், சடலங்களை முறைப்படி அப்புறப்படுத்தவில்லை என்பதற்கு.

(தொடரும்)