தொகைசார் பண்புகள்

நீரில் உப்போ சர்க்கரையோ கரையும்போது அதன் ஆவி அழுத்தம் குறைகிறது, கொதிநிலை உயர்கிறது, உறைநிலை தாழ்கிறது, சவ்வூடு பரவல் அழுத்தம் பிறக்கிறது. இந்த நான்கும் தொகைசார் பண்புகள் எனப்படும். நீர்த்த கரைசலில் இவற்றின் அளவு கரைந்த பொருளின் வகையைப் பொறுத்ததன்று. துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர் −1.9 பாகை செல்சியசில்தான் உறையும்.

உப்பளத் தொழிலாளர் இதைக் கைப்பழக்கத்தில் அறிவர். அந்துவான் போமே 1768-இல் வகுத்த அடர்த்தி அளவுகோலின் ‘டிகிரி’யே இன்றும் அளங்களில் வழங்குகிறது. சுமார் 3 டிகிரியில் பாத்திக்கு வரும் கடல்நீர் 25 டிகிரியை எட்டியதும் உப்பு படியத் தொடங்கும். அந்நிலையில் நீரின் ஆவி அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருக்கும். அதனால் வெயில் மாறாவிட்டாலும் நீர் வற்றும் வேகம் தளரும். 29 டிகிரியைத் தாண்டினால் கசப்பான மெக்னீசிய உப்புகளும் கலந்துவிடும் என்பதால் எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவர்.

உறைநிலைத் தாழ்வு கரைபொருளின் அளவுக்கேற்ப அமைவதைச் சார்லசு பிளாக்டன் 1788-இல் காட்டினார். வில்லெல்ம் பெஃபர் 1877-இல் சவ்வூடு பரவல் அழுத்தத்தை அளந்தார். ஆவி அழுத்த விதியை 1880-களில் ரவூல்ட் வகுத்தார். இவற்றை ஒரே கோட்பாட்டில் இணைத்த வான்ட் ஹாஃப், 1901-இல் வேதியியலின் முதல் நோபல் பரிசைப் பெற்றார். உப்பு நீரில் அயனிகளாகப் பிரிவதை 1887-இல் அர்ரீனியசு விளக்கினார். சம மூலக்கூறு எண்ணிக்கையில் சர்க்கரையைவிட உப்பு ஏறத்தாழ இருமடங்கு விளைவு தருவதன் காரணம் அப்போது தெளிவானது.

சவ்வூடு பரவல் அழுத்தத்தை வென்று கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சி, குடிநீருக்கு ஏங்கிய ஒரு குடியிருப்பின் அருகிலேயே நடந்தது. மும்பையில் தாணே கழிமுகத்தை ஒட்டிய அக்குடியிருப்பு சீத்தா கேம்ப். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி, நெருக்கடி நிலைக் காலமான 1976-இல் அகற்றப்பட்டபோது, தமிழர் பலர் உட்பட அங்கிருந்தோர் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். உப்பங்கழியோரத்தில் குடிநீருக்காக அல்லற்பட்ட இம்மக்களின் அருகிலிருந்த அதே மையம்தான் கடல்நீரை நன்னீராக்கும் ஆய்விலும் ஈடுபட்டது. அது கல்பாக்கத்தில் அமைத்த நாளொன்றுக்கு 18 லட்சம் லிட்டர் திறனுள்ள எதிர் சவ்வூடு பரவல் பிரிவு 2002-இல் இயங்கத் தொடங்கியது. அம்முறைக்கு வேண்டிய சவ்வை 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் சிட்னி லோபுடன் சேர்ந்து உருவாக்கியவர் இந்திய வேதியியலர் சீனிவாச சௌரிராஜன்.

கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 27 வளிமண்டலம். அதை மிஞ்சி அழுத்தினால்தான் உப்பை விட்டு நீர் பிரியும். சென்னைக்கு நீர் தரும் மீஞ்சூர் (2010), நெம்மேலி (2013) ஆலைகளும் இதற்கு உட்பட்டவையே. சவ்வு எவ்வளவு மேம்பட்டாலும் ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரமாவது செலவாகியே தீரும். நடைமுறையில் மூன்று, நான்கு யூனிட் ஆகிறது. ஆகவே கடல்நீரை நாடுமுன் மழைநீரைக் காப்பது கடற்கரை நகரங்களுக்கு நல்லது.