ஒன்பது பதக்கங்களின் வரிசை: சுசோவித்தினாவும் வால்ட் மேசையும்

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் எப்படிச் சிறுமிகளின் விளையாட்டாயிற்று என்று எழுதப் புகுகிறவர்கள் பத்திரிகையாளர் ஜோன் ரயனைத் தொடாமல் போக முடியாது. 1995இல் வந்த அவருடைய 'லிட்டில் கேர்ள்ஸ் இன் பிரிட்டி பாக்ஸஸ்' அத்தனை செல்வாக்குள்ள நூல். ஓல்கா கோர்புட்டும் நாடியா கொமனேச்சியும் எழுபதுகளில் உலகை மயக்கிய பிறகு வளர்ந்த பெண்ணின் உடலுக்கு இந்தக் களத்தில் இடம் போயிற்று என்பது அவர் வாசிப்பு. அமெரிக்க ஒலிம்பிக் அணியின் சராசரி எடை 1976இல் 106 பவுண்டு, 1992இல் 83 பவுண்டு என்ற கணக்கை அவர் முன்வைக்கிறார்.

அவர் எழுப்பிய அபாயக் குரலில் பொய்யில்லை. ஓடிவந்து கருவிமேல் கை ஊன்றித் தாண்டும் வால்ட் பயிற்சியில் 1988இல் விபத்துக்குள்ளாகி முடங்கிய அமெரிக்க வீராங்கனை ஜுலிசா கோமெஸ் 1991இல் இறந்தார். உணவை மறுக்கும் நோய்க்கு ஆளான இன்னொரு அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச் 1994இல் இறந்தார். இந்த மரணங்களை மறந்துவிட்டு எழுதப்படும் எந்த வரலாறும் நேர்மையானதாக இராது.

ஆனால் ரயனின் விளக்கம் உடலிலும், அந்த உடலை வதைத்த பயிற்சியாளர், பெற்றோரிடமும் நின்றுவிடுகிறது. எந்தக் கருவியின் மேல் அந்த உடல் பாய்ந்தது, எந்த விதி அதை அளந்தது என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்படுகின்றன. பருவமடைதல் எல்லாக் காலத்திலும் உண்டு. ஆக்னஸ் கெலெட்டி 1956இல் மெல்போர்னில் நான்கு தங்கம் வென்றபோது அவருக்கு வயது 35. லரிசா லத்தினினா 1958 உலகப் போட்டியில் கருவுற்ற நிலையில் ஐந்து தங்கம் வென்றார். வளர்ந்த உடலை ஒரு காலம் ஏற்றது, ஒரு காலம் தள்ளியது என்றால் காரணத்தை உடலுக்கு வெளியிலும் தேட வேண்டும்.

தேடும் இடம் ஒக்சானா சுசோவித்தினாவின் பதக்கப் பட்டியல். 1975இல் புகாராவில் பிறந்தவர். 1992 பார்சிலோனாவில் ஒருங்கிணைந்த அணியோடு தங்கம் வென்றார். 2008 பெய்ஜிங்கில் ஜெர்மனிக்காக, 33 வயதில், வால்ட்டில் வெள்ளி. இவை எல்லோரும் அறிந்தவை. உலகப் போட்டிகளில் வால்ட் என்ற ஒரே கருவியில் அவர் வென்ற ஒன்பது பதக்கங்களைத்தான் ஆண்டு வாரியாக நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்: 1991, 1992, 1993, 2001, 2002, 2003, 2005, 2006, 2011. சோவியத் ஒன்றியம், அதன் சிதறலில் பிறந்த கூட்டமைப்பு, உஸ்பெகிஸ்தான், ஜெர்மனி என்று பெயருக்குப் பக்கத்தில் நாடு மாறிக்கொண்டே வருகிறது. அந்த மாற்றங்களில் கண்ணை வைத்தவர்கள் நடுவிலுள்ள பள்ளத்தைக் கவனிக்கவில்லை. 1993க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் வால்ட் பதக்கமே இல்லை. பிறகு, 26 வயதில், வரிசை மீண்டும் தொடங்குகிறது.

அந்த 2001ஆம் ஆண்டில்தான் உலகப் போட்டியில் பழைய 'குதிரை' போய் 'மேசை' வந்தது. பெண்களுக்குக் குதிரை குறுக்காக நிற்கும். ஓடிவந்து கை ஊன்றக் கிடைத்தது ஏறத்தாழ 35 செ.மீ. ஆழம். மேசையில் அது 120 செ.மீ. அளவுக்கு விரிந்தது. 2000 சிட்னியில் குதிரையை 5 செ.மீ. தாழ்வாக வைத்துவிட்டதால் உலகின் தேர்ந்த வீராங்கனைகளே தடுமாறி விழுந்ததை நினைத்தால், கருவியின் சில சென்டிமீட்டர்கள் எவ்வளவு பெரியவை என்பது விளங்கும். சுசோவித்தினாவின் ஒன்பதில் ஆறு பதக்கங்கள் மேசைமேல் வந்தவை. தோளும் தொடையும் உரமேறிய ஒரு பெண்ணின் தள்ளுவிசைக்கு அகன்ற பரப்பு கைகொடுத்தது. மேசைதான் அவருடைய இரண்டாம் வாழ்வைத் திறந்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

ஒரே ஒருவரின் பட்டியலை வைத்து இவ்வளவு சொல்லலாமா? தயக்கம் நியாயமானதே. எட்டாண்டுப் பள்ளத்துக்கு வேறு காரணங்களும் உண்டு: சோவியத் பயிற்சி அமைப்பு குலைந்தது, 1999இல் மகன் பிறந்தான். 2002இல் அம்மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபின், கொலோன் நகரில் சிகிச்சைச் செலவுக்காகப் பரிசுப் பணம் தேடி அவர் ஓயாமல் போட்டியிட்டார். தாய்மையின் இந்தக் கதை முழு உண்மை, நெஞ்சை உலுக்குவது. ஆனால் அவர் ஏன் ஓடினார் என்பதற்குத்தான் அது விடை. 28 வயதில், 2003 அனாஹைமில், உலகத் தங்கத்தை எப்படி வெல்ல முடிந்தது என்பதற்கு அது போதாது. 2001 வெள்ளியோ நோய் தெரியவருவதற்கு முந்தையது.

விதிகளின் பங்கைப் பிரித்தெடுப்பது இன்னும் கடினம். கட்டாயப் பயிற்சிகள் 1996 அட்லாண்டாவோடு முடிந்தன. 1997 முதல் குறைந்தபட்ச வயது 16 ஆயிற்று. ஒரு கருவியில் மட்டும் தேர்ந்தவருக்கும் இடம் பெருகியது. 2006இல் பத்துப் புள்ளி உச்சவரம்பு நீங்கி, கடினத்துக்குத் தனி மதிப்பெண் வந்தது. ஆகவே வளர்ந்த பெண்களின் மீள்வருகையை 1997இல் தொடங்குவதா, 2001இலா, 2006இலா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. வால்ட்டைப் பொறுத்தவரை 2001 பக்கமே சான்று சாய்கிறது. பீமுக்கும் தரைப் பயிற்சிக்கும் அதே ஆண்டைப் பொருத்த முடியாது.

2016 ரியோ வால்ட் இறுதியில் 15.066 புள்ளியோடு நான்காம் இடம் பெற்ற தீபா கர்மாகரை இந்தியா நினைவில் வைத்திருக்கிறது. அவர் துணிந்த அதே புரொடுனோவா வால்ட்டை, அதாவது காற்றில் இரண்டு முறை முன்கரணமிடும் அபாயமான பாய்ச்சலை, அதே இறுதியில் சுசோவித்தினாவும் முயன்றார்; தரையிறங்கி நிற்க முடியாமல் முன்னே உருண்டு, 14.833 புள்ளியோடு ஏழாம் இடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 41. ரயனின் நூல் வெளிவந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.