தாலுகா என்ற அளவுகோல்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் திருவனந்தபுரம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் இஞ்சிவிளை, அதையும் கடந்தால் பாறசாலை. கடைப்பலகையில் எழுத்து மாறிவிடும். கடைக்குள் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும்தான். இங்கே 1956 நவம்பர் 1 அன்று ஒரு மாநில எல்லை வந்து விழுந்தது. அதை இழுக்க வைத்தவர்களில் முதல் பெயர் மார்ஷல் நேசமணி.

1895 ஜூன் 12 அன்று விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்தவர் அவர். வக்கீலாக நாகர்கோவில் நீதிமன்றத்துக்குள் நுழைந்தபோது, மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி என்று இருந்ததாம். முக்காலிகளை எட்டி உதைத்துவிட்டு நாற்காலி போட வைத்தார் என்பது குமரி மாவட்டத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள இந்தக் கதை போதும். மொழிப் போராட்டம் என்று நாம் எழுதிவைத்திருப்பதற்கு அடியில், தென் திருவிதாங்கூர் நாடார்களின் நெடுநாள் சாதிக் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸில் அவர் 1947-ல் சேர்ந்தார். மறுவருடமே சட்டசபைத் தேர்தலில் அந்தக் கட்சி 14 இடங்களைப் பிடித்தது. 1952-ல் நேசமணி நாகர்கோவிலிலிருந்து லோக்சபாவுக்குப் போனார். 1954 ஜூலையில் தேவிகுளத்தில் தடையை மீறிக் கைதானார். அதே வருடம் ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்களைப் போலீஸ் சுட்டது. பலர் செத்து விழுந்தார்கள். திருவிதாங்கூர்-கொச்சியில் அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அவருடைய கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே, ஜனங்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்றார். பட்டம் விலகவில்லை. கட்சிதான் உடைந்தது. ஒரு குமரிக் கிராமத்துத் துப்பாக்கிச் சத்தம் இந்திய சோஷலிஸ்டுகளைப் பிளந்த கதை இது. தமிழில் இதை அதிகம் பேசுவதில்லை.

சரி, பாறசாலைக்கு வருவோம். நேசமணியின் கட்சி கேட்ட தாலுகாக்களில் பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரையும் உண்டு. பஸல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கிடையாது. நெய்யாற்றின்கரையை முழுத் தாலுகாவாக எடுத்துக் கணக்குப் பார்த்தால் மலையாளமே பெரும்பான்மை. தெற்கு ஓரத்துக் கிராமங்களில் தமிழ் பேசியவர்கள் அந்தக் கணக்கில் கரைந்துபோனார்கள். இருக்கட்டும். ஆனால் அதே கணக்குப்படி தமிழர் பெரும்பான்மையாக இருந்த தேவிகுளத்தில், அவர்கள் தோட்டத் தொழிலாளர்கள், வந்துபோகிறவர்கள் என்று வேறு காரணம் சொல்லப்பட்டது. ஒரே ஆணையம், இரண்டு படி. ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் ஒருவரான கே. எம். பணிக்கர் மலையாளி என்பதைச் சுட்டிக்காட்டித் தமிழர்கள் பொருமினார்கள். அவர் ஒருவரால்தான் எல்லாம் நடந்தது என்று நான் நம்பவில்லை. தாலுகா என்பது ராஜா காலத்து வரி வசூலுக்கான எல்லை. மொழியை அளக்க அதை எடுத்தபோதே ஓரத்துக் கிராமங்களின் கதை முடிந்துவிட்டது.

தேவிகுளத்துக்காகத் தமிழ்நாட்டில் இன்றும் மேடை போடுகிறார்கள். பாறசாலைக்காக யாரும் போடுவதில்லை. அங்கே தேயிலை இல்லை, அணை இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அணை பக்கத்தில்தான் இருந்தது. அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாற்றின் குறுக்கே கட்டிய அணையிலிருந்து இடதுகரைச் சானல் விளவங்கோட்டுக்குள் ஓடி, சுமார் 9,200 ஏக்கருக்குப் பாய வேண்டியது. எல்லை விழுந்தபின் மடை கேரளத்தில், கடைமடை தமிழ்நாட்டில். 2003-ல் கேரளம் புதிய பாசனச் சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தம் இல்லாமல் வெளிமாநிலத்துக்குத் தண்ணீர் இல்லை என்று 2004-ல் சானலை அடைத்தது. நெய்யாறு கேரளத்துக்குள்ளேயே ஓடும் ஆறு என்பது அவர்கள் வாதம். நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் வந்திருந்தால் இந்த வாதத்தைச் சொல்லவே முடியாது. தமிழக அரசு 2012-ல் உச்சநீதிமன்றத்துக்குப் போனது.

கிறிஸ்தவ சபைகூட எல்லையைப் பின்தொடர்ந்தது. ஒன்றாக இருந்த சி.எஸ்.ஐ. தென் திருவிதாங்கூர் பேராயம் 1959-ல் கன்னியாகுமரி என்றும் தென் கேரளம் என்றும் பிரிந்தது. லண்டன் மிஷன் காலத்திலிருந்து சேர்ந்து பாடிய குடும்பங்கள் இரண்டு பிஷப்புகளுக்குக் கீழே போயின.

நேசமணி அதற்குள் இந்திய தேசிய காங்கிரஸில் இணைந்துவிட்டார். 1962-லும் 1967-லும் மறுபடி நாகர்கோவில் எம்.பி. 1968 ஜூன் 1 அன்று காலமானார். 1969 இடைத்தேர்தலில் அந்த இடத்தில் நின்று ஜெயித்தவர் காமராஜர். விருதுநகரில் தோற்றுப்போயிருந்த தலைவரைத் திரும்ப டெல்லிக்கு அனுப்பியது, 1956-ல் தமிழ்நாட்டில் வந்து சேர்ந்த இந்த மண்.

(தொடரும்)