.45-ஆ, 9-ஆ? கைத்துப்பாக்கித் தோட்டாவின் நூறாண்டு வழக்கு



அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிவிட்ட நம் பிள்ளைகள் சிலர் வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். சிலர் வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். டெக்சாஸில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் இப்படிக் கேட்டார்: "ஐயா, தினமும் இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்ல 9 மி.மீ. நல்லதா, .45 நல்லதா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், நண்பர்கள் வேறொன்று சொல்கிறார்கள்."

துப்பாக்கி பற்றி எனக்கு இருப்பது புத்தக அறிவு மட்டுமே. ஆனால் இந்தக் கேள்விக்கு 120 வருட வரலாறு உண்டு. வரலாறு என்றால் நான் சும்மா இருப்பேனா? பலருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எண்களைப் புரிந்துகொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள். அதன் முனையில் இருந்து பறந்து செல்வது குண்டு. அந்தக் குண்டின் குறுக்களவைத்தான் காலிபர் என்கிறார்கள். .45 என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் 45 பங்கு, சுமார் 11.4 மி.மீ. 9 மி.மீ. குண்டின் குறுக்களவு .355 அங்குலம். ".38 ஸ்பெஷல்" என்ற புகழ்பெற்ற ரிவால்வர் தோட்டாவின் குண்டு உண்மையில் .357 அங்குலம்தான். ".380" என்பதும் 9 மி.மீ. குண்டுதான், தோட்டாக்கூடு மட்டும் குட்டை. ஆக, பெயரை வைத்து அளவை முடிவு செய்யக் கூடாது. எடையிலோ பெரிய வித்தியாசம் உண்டு. .45 குண்டு வழக்கமாக ஏறத்தாழ 15 கிராம், 9 மி.மீ. குண்டு 7.5 முதல் 9.5 கிராம் வரை.

இனி கதைக்கு வருவோம். 1898-இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்கு வந்தது. அந்த மண்ணின் மக்கள் அதை ஏற்கவில்லை. தெற்கே மிண்டனாவோ, சுலு பகுதிகளில் வாழ்ந்த மோரோ முஸ்லிம்கள் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார்கள். அமெரிக்க அதிகாரிகளிடம் அப்போது இருந்தவை .38 ரிவால்வர்கள். குண்டுகள் பல பட்டும் மோரோ வீரர்கள் கத்தியோடு பாய்ந்து வருவதை நிறுத்தவில்லை என்று புகார்கள் போயின. பழைய .45 ரிவால்வர்களைக் கிடங்கிலிருந்து எடுத்து மறுபடியும் கொடுத்தார்கள்.

"எந்த அளவு ஆளை நிறுத்தும்?" என்று கண்டுபிடிக்க 1904-இல் இரண்டு பேரை நியமித்தார்கள். ஒருவர் ஜான் தாம்சன். பிற்காலத்தில் "டாமி கன்" என்ற இயந்திரத் துப்பாக்கிக்குப் பெயர் கொடுத்தவர். மற்றவர் ராணுவ மருத்துவர் லூயி லகார்ட். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் மாடுகள் மீதும், மனித உடலங்கள் மீதும் சுட்டுப் பார்த்தார்கள். அறிக்கையின் முடிவு: ராணுவக் கைத்துப்பாக்கி .45-க்குக் குறையக் கூடாது.

அதே அறிக்கையில் இன்னொரு முடிவும் இருந்தது. மனித உடலில் பெரும்பகுதி, குண்டு பட்டாலும் ஆளை உடனே நிறுத்தாத பகுதிதான். ஆகவே வீரர்களுக்குக் குறி பார்த்துச் சுடும் பயிற்சியை விடாமல் கொடுங்கள் என்பது அதன் சாரம். முதல் முடிவு உலகப் புகழ் பெற்றது. இரண்டாவதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய பதில் நிலைத்தது. உழைத்துப் பெற வேண்டிய பதில் மறந்துபோனது.

1911 மார்ச்சில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் ஏற்றது. மேகசினில் 7 தோட்டாக்கள். இரண்டு உலகப் போர்களிலும் கொரியாவிலும் வியட்நாமிலும் அதுதான் இடுப்பில் இருந்தது. அதே 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்ததும் பிரவுனிங் கைத்துப்பாக்கிதான், பெல்ஜியத்தில் செய்தது. உலகம் அப்போதே அவ்வளவு சிறியது!

ஐரோப்பா வேறு வழியில் போனது. ஜெர்மனியில் கியோர்க் லூகர் 1902 வாக்கில் 9 மி.மீ. தோட்டாவைக் கொண்டுவந்தார். 1904-இல் ஜெர்மன் கடற்படையும் 1908-இல் தரைப்படையும் அதை எடுத்துக்கொண்டன. பிறகு நேட்டோ நாடுகளின் பொது அளவாகவும் அது ஆனது. கடைசியில் 1985-இல் அமெரிக்க ராணுவமே .45-ஐ விட்டுவிட்டு 9 மி.மீ. பெரெட்டாவுக்கு மாறியது. வழக்கு முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள்.

மறு ஆண்டே மறுவிசாரணை வந்தது. 1986 ஏப்ரல் 11, ஃப்ளோரிடாவின் மயாமி பகுதி. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் 8 பேர் சாலையில் மடக்கினார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான சண்டையில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பறந்தன. பென் குரோகன், ஜெரி டவ் என்ற இரு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். 5 பேர் காயமடைந்தார்கள். கொள்ளையரும் இறந்தார்கள்.

பிறகு உடற்கூறு ஆய்வில் ஒரு விஷயம் தெரிந்தது. கொள்ளையரில் ஒருவனின் மேல்கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. குண்டு, இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் நின்றுபோயிருந்தது. அது பட்ட பின்னும் அவன் தொடர்ந்து சுட்டான். இன்னும் ஓர் அங்குலம் போயிருந்தால் என்ற ஏக்கம் எஃப்.பி.ஐ.யை விடவில்லை. அவன் கையில் இருந்தது நீளத் துப்பாக்கி, அதிகாரிகளில் பெரும்பாலோர் கையில் இருந்தது கைத்துப்பாக்கி என்பதைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். ஆனாலும் பழி பெரும்பாலும் அந்தக் குண்டின் மேல் விழுந்தது.

இதிலிருந்து ஒரு நல்லது விளைந்தது. மார்ட்டின் ஃபாக்லர் என்ற ராணுவ அறுவை மருத்துவர், தசைக்கு ஈடான ஜெலட்டின் கட்டிகளில் சுட்டு, குண்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்துவந்தார். அந்த முறையை எஃப்.பி.ஐ. கையில் எடுத்தது. குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும், 18-ஐத் தாண்டத் தேவையில்லை என்ற அளவுகோல் பிறந்தது. "ஆளைத் தூக்கி எறியும் சக்தி" என்ற பேச்செல்லாம் சினிமாவோடு சரி என்பதும் தெளிவானது. கைத்துப்பாக்கிக் குண்டு செய்வது ஒரு துளை. அந்தத் துளை எங்கே விழுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் கணக்கு.

ஆனால் எஃப்.பி.ஐ. அவசரப்பட்டு 10 மி.மீ. என்ற பெரிய தோட்டாவுக்குப் போனது. அது கையை உதைத்த உதையில் பலருக்கும் குறி நிற்கவில்லை. மருந்தைக் குறைத்துப் பயன்படுத்தினார்கள். மருந்தைக் குறைத்த பிறகு அவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று அதைக் குட்டையாக்கியதில் 1990-இல் .40 பிறந்தது. போலீஸ் துறைகள் பலவும் பின்தொடர்ந்தன.

சுமார் கால் நூற்றாண்டு கழித்து, 2014-இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு தன் முடிவைத் தானே மாற்றி எழுதியது. குண்டுகளின் தயாரிப்பு முன்னேறிவிட்டது. நல்ல 9 மி.மீ., .40, .45 குண்டுகள் உடலில் செய்யும் வேலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, 9 மி.மீ. குறைவாக உதைப்பதால் பெரும்பாலோர் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள். மேகசினில் தோட்டாக்களும் அதிகம் என்றது. அதே ஆவணத்தில் இன்னொரு எண் உண்டு. உண்மையான மோதல்களில் போலீசார் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 சதவீதம் குறி தவறுகின்றன. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை. 1904-இல் எழுதி மறந்துபோன அந்த இரண்டாவது முடிவுதான் சுற்றிச் சுற்றி வந்து மறுபடி நின்றது.

ஒரு சம்பவத்தை வைத்துத் தோட்டாவை எடை போட முடியாது என்பதற்கு இன்னும் சாட்சிகள் உண்டு. 1912-இல் மில்வாக்கியில் தியோடர் ரூஸ்வெல்ட்டை .38 ரிவால்வரால் சுட்டார்கள். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த சொற்பொழிவுத் தாள்களும் கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைக் குறைத்தன. அவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசிவிட்டுத்தான் மருத்துவமனை போனார். 1914-இல் சரயேவோவில் இளவரசர் ஃபெர்டினாண்டைக் கொன்றது .380. 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தியடிகளின் உயிரைப் பறித்த பெரெட்டாவும் அதே அளவுதான். "ரொம்பச் சிறியது, நம்ப முடியாது" என்று இன்று பலர் ஒதுக்கும் அளவு இது.

சரி, ராணுவத்தின் வழக்கு சாதாரணக் குடிமகனின் இடுப்புக்கு எப்படி வந்தது? மயாமிச் சண்டைக்கு ஒன்றரை ஆண்டு கழித்து, 1987-இல் அதே ஃப்ளோரிடாவில், தகுதி உள்ளவர் கேட்டால் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் வந்தது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. 1994-இல் மத்திய சட்டம் புதிய மேகசின்களை 10 தோட்டாக்களுக்கு மட்டுப்படுத்தியது. பத்துதான் என்றால் பெரிய துப்பாக்கி எதற்கு? கையடக்கமான பிஸ்டல்களுக்குச் சந்தை திறந்தது. 10 தோட்டா கொள்ளும் குட்டி குளாக் 26 அடுத்த ஆண்டே வந்தது. 2004-இல் அந்தச் சட்டம் காலாவதியானது. சிறிய பிஸ்டல்கள் நிலைத்துவிட்டன. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம்.

சிறிய துப்பாக்கியில் ஒரு சிக்கல் உண்டு. எடை குறையக் குறைய, அதே தோட்டா கையை அதிகமாக உதைக்கும். மறைப்பதற்கு எளிது, சுடுவதற்குக் கடினம். பெரிய காலிபரைச் சிறிய துப்பாக்கியில் போட்டால் பயிற்சிக்கே மனம் வராது. ஆகவே என் மாணவருக்கு வரலாறு சொல்லும் பதில் இதுதான்: நல்ல தயாரிப்பான குண்டு, உங்கள் கைக்கு அடங்குகிற துப்பாக்கி, மாதம் தவறாத பயிற்சி. பெரும்பாலோருக்கு அது 9 மி.மீ.யாக அமையும். கையில் வலு குறைந்தவருக்கு அதைவிட மென்மையான தோட்டாவும் அமையலாம். .45 வைத்திருப்பவர் அதை நன்றாகச் சுடுகிறார் என்றால் அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆனால் ஆசிரியர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ராணுவமும் போலீசும் தங்களுக்காகச் செய்தவை. அவர்கள் கணக்குப் போட்டது மோதல் நடக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு. ஒரு குடும்பம் துப்பாக்கியோடு வாழ்வது மிச்சமுள்ள எல்லா நேரங்களிலும். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல்! எந்தக் காலிபர் என்று இரவு முழுக்க விவாதிக்கும் நண்பர்கள் கூட்டத்தில் இந்த எண்ணை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்த 26,328 வீடுகளில் 9-ஆ .45-ஆ என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆகவே பிள்ளைகளே, வாங்குவதற்கு முன் காலிபரைக் கேட்கும் அதே ஆர்வத்தோடு இவற்றையும் கேளுங்கள். இடுப்பில் இல்லாத நேரத்தில் அது எந்தப் பூட்டுக்குள் இருக்கும்? சாவி யாரிடம்? வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருக்கிறதா? வேலை போன காலத்தில், மனம் சோர்ந்த காலத்தில், அதை வீட்டைவிட்டு வேறிடத்தில் வைக்க உங்களுக்குத் துணிவு உண்டா? கணவன் மனைவி இருவரும் இதைப் பேசி முடிவு செய்தீர்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால் கடைக்குப் போக இன்னும் நேரம் வரவில்லை. அங்கே மனம் தாங்காத நேரத்தில் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஊரில் இருக்கும் உறவினர்கள், "நமக்கு இதில் என்ன?" என்று கேட்கலாம். நம் நாட்டில் 9 மி.மீ. போன்ற படைகளின் அளவுகள் பொதுவாகக் குடிமக்களுக்கு விலக்கப்பட்டவை. அதனால்தான் கான்பூர் அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வர் செய்கிறது. இங்கே அளவைச் சட்டம் முடிவு செய்கிறது. அங்கே ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சுதந்திரம் கூடும் இடத்தில் யோசனையும் கூட வேண்டும்.

120 வருடத்தில் .38, .45, 9, 10, .40, மறுபடி 9 என்று சுற்றி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தோற்ற சண்டையின் வலி ஓர் எண்ணைத் தேடியது. எண் மாறிக்கொண்டே இருந்தது. மாறாமல் நின்றவை கையின் பழக்கமும் மனதின் நிதானமும்தான்.

இதில் அனுபவம் உள்ள மாணவர்கள், முக்கியமாக ராணுவத்திலும் காவல் துறையிலும் இருப்பவர்கள், உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பதிவைப் பகிருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். வாழ்க வளமுடன்.