ஒரு புள்ளியின் வரலாறு

மொழி முதலில் செவிக்கு உரியது. பின்னரே கண்ணுக்கு உரியதாயிற்று. எழுதும் கருவி மாறுந்தோறும் எழுதும் முறை மட்டுமே மாறுவதன்று. படிக்கும் முறையும் மாறுகின்றது. படிப்பவர் யார் என்பதும் மாறுகின்றது. இவ்வுண்மையை விளக்கப் பெரிய சான்றுகள் வேண்டா. மெய்யெழுத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் சிறு புள்ளியின் வரலாறே போதும்.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் அவ்வாறே புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதித்தது. ஆயினும், பனையோலையில் எழுதியோர் பெரும்பாலும் அவ்விதியைக் கைக்கொள்ளவில்லை. எழுத்தாணியின் கூர்முனையால் புள்ளி குத்தினால் ஓலையில் துளை விழும். நார் பிளந்து ஏடு கெடும். ஆதலால் புள்ளி மறைந்தது. அது மறையவே, 'பல்' என்பதும் 'பல' என்பதும் ஏட்டில் ஒன்றாயின. 'எரி'யும் 'ஏரி'யும் வேற்றுமை இழந்தன. காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டமையால், 'காடு' என்பதைக் 'கரடு' என்று படிக்கவும் இடமிருந்தது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை.

அங்ஙனமாயின் நம் முன்னோர் எவ்வாறு படித்தனர்? ஆசிரியர் வாயிலாகக் கேட்டுப் படித்தனர். கல்வி கற்பதையே 'பாடம் கேட்டல்' என்று வழங்கினர். எதுகையும் மோனையும் சீரும் தளையும் நினைவைக் காத்தன. ஏடு அந்நினைவிற்குத் துணை நின்றது. முன்னரே பொருள் உணர்ந்தவனே ஏட்டைப் பிழையின்றிப் படிக்க வல்லவன். இம்முறை ஆழ்ந்த புலமையை வளர்த்தது உண்மை. ஆனால், ஆசிரியரை அணுகும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டவில்லை. பிறப்பாலும் வறுமையாலும் பெண் என்னும் காரணத்தாலும் விலக்கப்பட்டோர்க்கு ஏடு கையிற் கிடைத்தாலும் அதன் பொருள் கிடைத்திலது.

1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. வியப்பு யாதெனில், அந்நூலிலும் புள்ளி இல்லை! காகிதத்தில் புள்ளியிடத் தடை ஒன்றும் இல்லை. எனினும் ஓலையின் பழக்கம் அச்சையும் பற்றிக்கொண்டது. கருவி விரைந்து மாறும். பழக்கம் மெல்லவே மாறும். பின்னர், தரங்கம்பாடியில் 1713இல் அச்சுக்கூடம் அமைந்தது. குறில் நெடில் வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கிய பெருமை வீரமாமுனிவர்க்கு (1680-1747) உரியது என்பர். 1835ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுத் தொழிலுக்கு இருந்த தடைகளை அகற்றவே, நம் நாட்டவர் அச்சகங்கள் பெருகின. அந்நூற்றாண்டில் புள்ளியும் சொல்லிடைவெளியும் நிலைபெற்றன. அறியாத நூலை ஒருவன் தனியே அமர்ந்து படிக்கும் நிலை அப்போதுதான் பரவலாயிற்று.

ஓலையிலிருந்து அச்சிற்குப் பழைய நூல்கள் தாமே வந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார், அவ்வாண்டிலேயே உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டு, இல்லாத புள்ளியை எங்கே இடுவது என ஒவ்வோர் இடத்திலும் பதிப்பாசிரியர் ஆராய்ந்து துணியவேண்டியிருந்தது. ஐயர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். செவியால் பெற்ற அப்புலமையே ஏட்டின் மௌனத்தை உடைத்தது. வாய்மொழிக் கல்வியின் கடைசிப் பெருங்கொடை அச்சு நூல்தான் எனலாம். பெயர்த்தெழுதவோ பதிப்பிக்கவோ ஆளின்றிச் செல்லுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் இரையான நூல்கள் திரும்பவில்லை.

இன்று நாம் மூன்றாம் மாற்றத்தின் நடுவே நிற்கின்றோம். 1991இல் தோன்றிய ஒருங்குறியில் தமிழ்ப் புள்ளிக்கெனத் தனி எண் உண்டு. கணினி 'க்' என்பதைக் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாகவே சேமிக்கின்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் பழந்தமிழ் நூல்கள் திரைக்கு வந்துள்ளன. ஒரு சொல் எந்நூலில் எங்கே உள்ளது என்று அறிய, முன்னாளில் புலவர்க்கு ஆண்டுகள் பல வேண்டும். இன்று மாணவனுக்கு நொடிகள் போதும். ஆசிரியரின் திண்ணையை அடைய இயலாதவரும் நூலை அடையலாம். இது சிறு பேறு அன்று.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஓலை படித்தவன் இல்லாத புள்ளியைத் தன் அறிவால் இட்டுப் படித்தான். அவ்வுழைப்பே அவனுக்குக் கல்வியாயிற்று. திரை படிப்பவனுக்குப் புள்ளிகள் எல்லாம் முன்னரே இடப்பட்டுள்ளன. தேடிய வரி கிடைத்ததும் அவன் நூலை மூடிவிடுகின்றான். முன்னுள்ள பாட்டையும் பின்னுள்ள பாட்டையும் காண்பதில்லை. சொல்லைக் காட்டித் தருவது கருவி. அச்சொல் அவ்விடத்தில் ஏன் நின்றது என ஆராய்வது படிப்பவன் கடன். அக்கடனை எந்தக் கருவியும் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. மாணவர்கள் திரையில் ஒரு செய்யுளைக் கண்டால், அதனை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார்களாக. முன்னும் பின்னும் உள்ளவற்றையும் படிப்பார்களாக. செவி வழி வந்த மொழி அப்போது கண் வழியும் நிறைவாக வந்து சேரும்.